ரெண்டு நூல், ஒரு முழம்

தோப்புக்குடி,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மன்னார்குடி திரு. நடராசன் அவர்களுக்குத் தோப்புக்குடி கோவிந்தராசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் காளியம்மாளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றி எழுதினால் தாள் போதாது. அங்கு தாங்களும், தங்கள் வீட்டு அம்மாவும், மாப்பிள்ளை செந்தில்குமாரும், என் மகள் சுடர்விழியும், பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

மேலே தங்கள் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தையை எழுதி அடித்திருப்பது தெரியும். மை பரவியிருந்தாலும் உற்றுப் பார்த்தால் படித்துவிடலாம். ‘சம்பந்தி’ என்றுதான் எழுதியிருந்தேன். அந்த வார்த்தை இன்னும் எனக்கு உண்டா இல்லையா என்று தெரியாததால் அடித்துவிட்டேன். வேறு தாளில் எழுதலாமே என்று தாங்கள் கேட்கலாம். எத்தனை தாளில் எழுதினாலும் கை அதையேதான் முதலில் எழுதுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். திருக்கடையூரில் தங்கள் அறுபதாம் கல்யாணத்தன்று நான் சாப்பிடாமல், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன். அதிலிருந்து தாங்கள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்று சுடர் சொல்கிறது. “உங்கள வெளிய நிக்க வச்சதுல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு மாமா நெனைக்கிறாரு. அவருக்கு அது உறுத்துதுப்பா. போன் பண்ணிப் பேசுங்க” என்றது. நான் போனில் பேசினால் எந்தப் பேச்சும் மூன்றாவது நிமிஷத்தில் சண்டையாகிவிடும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. வெட்கப்பட்டுப் போனேன். இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்று சொல்ல வேண்டுமானால், தங்கள் பியட் காரின் பெட்ரோல் ஓஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிள்ளைகள் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டபோது தாங்கள் வரவில்லை, நானும் வரவில்லை. தாங்கள் வராததற்குத் தங்கள் சாதிசனம் காரணம். நான் வராததற்குத் தாங்கள் வராததுதான் காரணம். பேரன் பிறந்த பிறகு போக்குவரத்து உண்டானது. பொங்கலுக்கு வருவோம், காப்பி குடிப்போம். தாங்கள் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வீர்கள், நான் மேட்டூர் அணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வேன், கிளம்பிவிடுவோம். அத்தனை வருஷமும் தங்கள் வாயில் எனக்கு இருந்த பெயர் ‘சுடரோட அப்பா’. அதில் குற்றமொன்றும் இல்லை, நான் சுடரோட அப்பாதான். ஆனால் இந்தத் தை மாதம் போன் வந்தது. “சம்பந்தி, நடராசன் பேசறேன். அறுபதாங் கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கின பியட்டுலதான் போவணும்னு இவ ஒத்தக் கால்ல நிக்கிறா. கல்யாணத்தப்ப அதுலதான் வீட்டுக்கு அழைச்சிட்டு வந்தோம். பெட்ரோல் ஓஸு வெடிச்சுப் போய்க் கெடக்கு, எந்தக் கடையிலயும் சரியானது கெடைக்கல. நீங்க இஞ்சின் வேல தெரிஞ்சவரு. ஒரு வழி சொல்லுங்களேன்” என்றீர்கள். தாங்கள் கேட்டது வழி. நான் சொன்னது, “அதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்கு வர்றேன்.” சம்பந்தி என்று கூப்பிட்டபின் தாங்கள் ஏரோப்ளேனை ரிப்பேர் செய்யச் சொல்லியிருந்தாலும் நாளைக்கு வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எனக்குத் தெரிந்தது டீசல் இஞ்சின். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இறைக்கிற இஞ்சின் ஒன்றுகூட என் கை படாமல் ஓடியதில்லை. யாரிடமும் போய் நின்று கற்றதில்லை. பிரித்தேன், பூட்டினேன், மிச்சம் விழுந்த சாமானைப் பத்திரப்படுத்தினேன், அப்படியே கற்றுக்கொண்டேன். பெட்ரோல் கார் அது வரைக்கும் நான் தொட்டதில்லை. இதைத் தங்களிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். டிக்கிப் பக்கம் டேங்க், முன்னால் பம்ப், நடுவில் வண்டிக்கு அடியில் ஓடுகிற இரும்புக் குழாய், அதன் இரண்டு முனையிலும் ஒரு சாண் ரப்பர் ஓஸ். இவ்வளவுதானே, வாய்க்காலுக்கு இஞ்சின் போடுவது போலத்தானே என்று நினைத்தேன். முதலில் நான் மாட்டியது, தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், வயலுக்கு மருந்து அடிக்கிற ஸ்பிரேயரின் பச்சை ஓஸ். விஷத்துக்கே அசையாதது பெட்ரோலுக்கா அசையும் என்று தங்களிடம் வீரம் பேசினேன். நான்காம் நாள் அதைக் கழற்றினால் முறுக்கு மாதிரி ஒடிந்தது. “சம்பந்தி, வாசல்ல கோலம் போட முடியல, அவ்வளவு பெட்ரோல் வாடை” என்று தாங்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். அப்போதும் சம்பந்தி என்றுதான் சொன்னீர்கள். நான் என்ன சொன்னேன்? “இப்ப வர்ற பெட்ரோல் சரியில்லைங்க. நாம வெளைய வச்ச அரிசியிலேருந்து சாராயம் எடுத்து அதுல ஊத்துறாங்க. அது ரப்பரத் திங்குது” என்றேன். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஒடிந்தது பச்சை ஓஸின் குற்றம், அரிசியின் குற்றம் இல்லை.

அடுத்து ஓஸ் தேடித் தஞ்சாவூர் போனேன். ஒரு கடையில் டிராக்டர் ஓஸை எடுத்துப் போட்டார்கள், அதற்குள் கட்டைவிரலே போனது. இன்னொரு கடையில் மோட்டார் சைக்கிள் ஓஸ், சுண்டுவிரல்கூடப் போகவில்லை. கடைசியாகப் பழைய வண்டிகளுக்குச் சாமான் வைத்திருக்கும் சலாஹுதீன் பாய் கடைக்குப் போனேன். “ரெண்டு நூல் ஓஸு குடுங்க பாய்” என்றேன். தங்களுக்குத் தெரியும், எங்கள் கணக்கில் இஞ்சுக்கு எட்டு நூல். இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச். நான் மரஸ்கேலை வைத்துத் தங்கள் வண்டியின் இரும்புக் குழாயை அளந்தபோது அது இரண்டு நூல்தான் காட்டியது, ஒரு மயிரிழை குறைவாக. அந்த மயிரிழையை நான் மதிக்கவில்லை.

“எந்த வண்டிக்குங்கய்யா?”

“பியட்டு.”

“அது மில்லிமீட்டர் வண்டிங்க. ஆறு எம்எம் கேளுங்க.”

“சரி, ஆறு எம்எம் குடுங்க.”

“இல்லைங்களே. கால் இஞ்ச்தான் இருக்கு.”

“இல்லாத சாமானப் பத்தி எதுக்குய்யா எனக்குப் பாடம் நடத்துற? இருக்கறதக் குடு.”

“லூசாயிரும்யா, பின்னால என்னையத் திட்டக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே அவர் வெட்டிக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டு வந்தேன். கிளிப்பைப் போட்டு இறுக்கினால் கால் இஞ்சும் ஆறு மில்லிமீட்டராகிவிடும் என்பது என் எண்ணம். வயசில் எத்தனையோ பேரை இறுக்கி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ரப்பர் வரவில்லை.

அன்று காலை மன்னார்குடியிலிருந்து கிளம்பியது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பிள்ளைகள் சாமான்களோடு வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். வாசலில் தங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நின்றிருக்க, “நீங்க ரெண்டு பேரும் எங்களோட பியட்டுல வாங்க சம்பந்தி” என்று தாங்களே பின்கதவைத் திறந்துவிட்டீர்கள். காளியம்மாள் சீட்டு அழுங்கிவிடுமோ என்று நுனியில் உட்கார்ந்தாள். தங்கள் அப்பாவின் வயலில் அவள் நடவு நட்டவள். அந்த வண்டி போனால் எழும் புழுதியை மட்டுமே அறிந்தவள். நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். திருவாரூர் தாண்டும் வரையில் ஒரு குறையும் இல்லை. தாங்கள் ஓட்டிக்கொண்டே அம்மாவிடம், “பாத்தியா அகிலா, சம்பந்தி கை வச்சா வச்சதுதான்” என்றீர்கள். அந்த வார்த்தையை நான் அனுபவித்து முடிப்பதற்குள் பேரளம் தாண்டி வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கூசுகிறது. இறங்கிப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓஸ் லூசாகி, பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கிறது. நம் வயல் இஞ்சினில் குழாய் காற்று எடுத்தால் தண்ணீர் நின்றுபோகிறதே, அதே கதை. அது தெரிந்தும் நான் சொல்லவில்லை. தாங்கள் மெதுவாக, “ஓஸு கொஞ்சம் தளர்வா இருக்குமோ சம்பந்தி?” என்று கேட்டீர்கள். நான் இரண்டு அம்மாக்களும் கேட்கும்படியாக, “ஓஸுக்கு என்ன கேடு? வருஷக்கணக்கா வண்டிய ஷெட்டுலயே போட்டு வச்சா டேங்குல குப்பை சேராம என்ன செய்யும்? வண்டிய வச்சுக்கத் தெரியணும்” என்றேன். தங்கள் அப்பா வாங்கிய வண்டியை, தங்கள் கல்யாண நாளில், அதில் ஓசியில் உட்கார்ந்து வந்தவன் அப்படிச் சொன்னேன். தாங்களோ பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தீர்கள். தாங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அறுவடைக் காலம், ரோட்டில் பாதி தூரத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த அந்தப் பொம்பளை சத்தம் போட்டது தங்களுக்கும் நினைவிருக்கும்.

“யோவ் பெருசு, நெல்லு மேல வண்டிய ஏத்தாதய்யா! பெட்ரோலு சொட்டுது பாரு, கொள்முதல்ல எடுக்க மாட்டான்!”

“இந்த நெல்லத்தாம்மா பெட்ரோல்லயே கலக்குறாங்க” என்று நான் விளக்கம் சொன்னேன்.

“அப்ப இதையே ரெண்டு மரக்கா டேங்குல ஊத்தி ஓட்டிக்கிட்டுப் போயேன்” என்றது அது. பிறகு தங்கள் கழுத்து மாலையைப் பார்த்துவிட்டு, “அடி ஆத்தி, மாப்பிள்ளையே தள்ளுறாரு! பொண்ணு வீட்டுக்காரங்க யாரும் வரலையா?” என்றது. வந்திருந்தேன். நான்தான் பெண் வீட்டுக்காரன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

அங்கிருந்துதான் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். அறுவடை மிஷின் ஒன்று பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. “மாப்ள, ஓஸு லூசாயிருச்சு. ரெண்டு நூல், ஒரு முழம் இருந்தா போதும், சீக்கிரம் கொண்டாங்க!” என்று கத்தினேன். மறுபடியும் இரண்டு நூல்தான் கேட்டேன் என்பதைக் கவனியுங்கள், அந்த நிலைமையிலும் ஆறு மில்லிமீட்டர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் “சரிங்க மாமா” என்று வைத்துவிட்டார். மிஷின் சத்தத்தில் ஓஸ் போய்விட்டது, நூலும் முழமும்தான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. அவர் அப்போது ஐயர் பக்கத்தில் கலசங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்திருக்கிறார். யாரிடமோ மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் பறந்து வந்து, கலசத்துக்குச் சுற்றுகிற வெள்ளை நூலில் இரண்டு கண்டும், மல்லிகைப்பூ ஒரு முழமும் என் கையில் கொடுத்தார். “இது போதுமா மாமா? நல்ல பூவா பாத்து வாங்கினேன்” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கோயில் வாசலில் நூலும் முழமும் கேட்டால் உலகத்தில் யாரும் அதைத்தான் வாங்கி வருவார்கள்.

தங்கள் வீட்டு அம்மா அந்தப் பூவை வாங்கிப் பாதியாகக் கிள்ளி, காளியம்மாளைத் திரும்பி நிற்கச் சொல்லித் தன் கையாலேயே அவள் தலையில் வைத்துவிட்டார்கள். நான் அதை வண்டிக்கு அடியிலிருந்து, நாலு கால்களுக்கு இடையில் பார்த்தேன். இரண்டு பேர் காலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

நூலை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இரும்புக் குழாய்மேல் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் ஓஸைத் திணித்துக் கிளிப்பை இறுக்கினேன். காற்றுப் போக ஓஸை வாயில் வைத்து உறிஞ்சியதில் ஒரு மிடறு பெட்ரோல் உள்ளேயும் போனது. வண்டி கிளம்பிவிட்டது. முகூர்த்தத்துக்கு நேரமிருக்கக் கோயில் வாசலில் கொண்டுவந்து சேர்த்தேன். தாங்கள் என் தோளைத் தட்டி, “ஜெயிச்சிட்டீங்க சம்பந்தி” என்றீர்கள். அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். நான் நூல் சுற்றியது எவ்வளவு உறுதி என்று பார்க்கக் கீழே படுத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். வந்துவிட்டது. திரும்ப மாட்டுவதற்குள் நெஞ்சிலிருந்து வேட்டி வரை நனைந்துவிட்டேன்.

அப்படியே பிரகாரத்துக்குள் வந்தேன். எனக்குப் பழகிவிட்டதால் வாடை தெரியவில்லை. தங்கள் ஹோமத்தின் பக்கத்தில் வந்ததும் ஐயர் பதறிப்போய், “பெரியவரே, என்ன இது, பெட்ரோலா? ஐயையோ, அக்னி பக்கத்துல வராதேள்! செத்த நேரம் வெளில நில்லுங்கோ!” என்றார். “காஞ்சிருச்சுங்க” என்றேன். சொல்லும்போதே ஒரு ஏப்பம் வந்தது. அவர் விசிறியைப் போட்டுவிட்டு எழுந்தேவிட்டார். சரி, கொஞ்சம் தள்ளி நிற்போம் என்று நகர்ந்தால் அங்கே வேறொரு ஜோடிக்கு ஹோமம். அந்தப் பக்கம் நகர்ந்தால் எண்பதாம் கல்யாணத்துக்கு ஹோமம். திருக்கடையூரில் நெருப்பில்லாத இடமாகப் பார்த்து நிற்பது அத்தனை சுலபமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு நெருப்பும் என்னை அடுத்த நெருப்புக்குத் தள்ளித் தள்ளி வாசலில் கொண்டுவந்து விட்டது. வாசலில் யானை தும்பிக்கையை நீட்டி என்னை முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டது.

எங்கள் அப்பா காலத்தில் கோயிலுக்கு வெளியே நின்றதற்கு வேறு காரணம். அந்தக் காரணத்தோடு நான் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவன். யாராவது என்னைத் தள்ளி நில்லு என்றால் முன்னால் வந்து நிற்பதுதான் என் வழக்கம். அன்றைக்கு எனக்குச் சண்டை போட ஆள் இல்லை. என்னை வெளியே நிறுத்தியது தாங்களும் இல்லை, தங்கள் சனமும் இல்லை, அந்த ஐயரும் இல்லை. ஒரு மயிரிழையை மதிக்காத என் அளவு. எந்த வழக்கு மன்றத்திலும் இதற்கு வழக்குப் போட முடியாது. தாங்கள் மணையில் உட்கார்ந்தபடியே என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தூணைப் பார்த்தேன். தங்கள் தலையில் கலசத் தண்ணீர் ஊற்ற என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். அந்தச் சொம்பை ஏந்துவதற்கு முன்னால், ‘ஓஸ் என் தப்பு, வண்டியைக் குறை சொன்னது பொய்’ என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கால்தான் வந்தது. நடந்துவிட்டேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் வந்து, “பெரியவரே, கேன்ல பெட்ரோல் வச்சிருக்கீங்களா? பஸ்ல கொண்டுபோகக் கூடாது, எறங்குங்க” என்றார். “கேன் இல்லப்பா, நான்தான்” என்றேன். காளியம்மாள் மறுநாள் தங்கள் வீட்டிலிருந்து வந்தாள். கல்யாணச் சாப்பாட்டில் என்னென்ன இருந்தன என்று இலையில் பரிமாறிய வரிசையில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஆகவே எழுத்தில் தருகிறேன். ஓஸின் அளவு தவறு. அளந்தவன் நான். தங்கள் அப்பாவின் வண்டியில் ஒரு குறையும் இல்லை. சென்னையிலிருந்து கூரியரில் ஆறு மில்லிமீட்டர் ஓஸ் வரவழைத்து, பேரன் விட்டுப்போன பிளாஸ்டிக் ஸ்கேலில் மூன்று தடவை அளந்து இத்துடன் பார்சலில் வைத்திருக்கிறேன். நல்ல மெக்கானிக்காகப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். அது வரைக்கும் வண்டியைத் தயவுசெய்து எடுக்க வேண்டாம், நூல் தாங்காது. இனி என் ஆயுசில் தங்கள் வண்டியைத் தொடமாட்டேன், இது உறுதி. தங்களைப் பார்க்க வருவதற்கும் எனக்கு இப்போது முகம் இல்லை. சுடரோட அப்பா என்று கூப்பிட்டாலும் எனக்குப் போதும், அது நல்ல பெயர்தான். என் குணத்தை வைத்து என் மகளைத் தாங்கள் அளந்துவிடக் கூடாது. அது அவள் அம்மாவின் அளவு.

தாங்களும் அம்மாவும் இன்னும் நாற்பது வருஷம் சேர்ந்திருந்து பேரப்பிள்ளையின் கல்யாணத்தையும் பார்க்க வேண்டும் என்று, அன்றைக்குச் சொம்பு பிடித்துச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குத் தாளில் சொல்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
சுடர்விழியின் அப்பா,
கோவிந்தராசு.

பி.கு: பார்சலை ஒட்டிவிட்டு நிமிர்வதற்குள் போன் வந்தது. தாங்கள்தான். “சம்பந்தி, எங்க இருக்கீங்க?” “வீட்டுலதாங்க.” “உங்க ஊரு வாய்க்கா பாலத்துல நிக்கிறேன். அன்னைக்குச் சாப்பிடாம போயிட்டீங்கன்னு அகிலா கேரியர் கட்டிக்கிட்டு வண்டியில ஒக்காந்திருக்கா. பியட்டு நின்னு போச்சு. ரெண்டு நூல் எடுத்துக்கிட்டு ஓடி வாங்க, சாம்பார் ஆறுது.” எந்த நூல் என்று கேட்டேன். “எதுவா இருந்தா என்ன சம்பந்தி, நீங்க வாங்க” என்று வைத்துவிட்டீர்கள்.

ஆகையால் மேலே கண்டவற்றில் வண்டியைத் தொடமாட்டேன் என்றதும், பார்க்க வரமாட்டேன் என்றதும் ரத்து. வண்டியை எடுக்க வேண்டாம் என்று எழுதியதும் வீண். பார்சலைப் பிரித்துவிட்டேன், ஆறு மில்லிமீட்டர் என் மடியில் இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறாள் காளியம்மாள், ஒரு வாரம் கழித்து அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. கிழிக்க மாட்டேன், இவ்வளவு தூரம் தப்பை ஒப்புக்கொண்டு நான் எழுதியது வேறெங்கும் கிடையாது. கையிலேயே கொண்டுவந்து தருகிறேன், நான் சாப்பிட்டு முடித்த பிறகு படியுங்கள். முதல் வரியில் அடித்த வார்த்தையை மட்டும் அடிக்காததாக வைத்துப் படிக்கவும்.

பெட்ரோல் சரியில்லை என்பதில் மாற்றமில்லை.